முடி பொசுங்கிய கெராங்

ஈப்போ சந்தையில் கெராங் விற்கும் சீனப் பெண்மணிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. ஒரு கை அள்ளுவேன். ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவுவேன். முதுகில் ஓடும் வரிகளை எண்ணிவிட்டுத் திரும்பவும் குவியலில் போடுவேன். "ஆண்டி, வாங்க வந்தீங்களா, கைரேகை பாக்க வந்தீங்களா?" என்று மலாயில் கேட்பார். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் விரல்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கெராங்கைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும் சேற்றுக் கரையில் புதைந்து கிடக்கும் சிப்பி அது. உருண்டையாக, கனத்த ஓட்டோடு இருக்கும். உடைத்தால் மனிதனைப் போலச் சிவப்பு ரத்தம் வரும். எங்கள் ஊர் நூடுல்ஸ் வறுவலான மீ கோரேங்கில் நாலு கெராங் விழாவிட்டால் அது மீ கோரேங்கே இல்லை என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்சியில் நானும் ஒருத்தி.

போன வாரம் சித்ரா ஒரு படம் அனுப்பினாள். நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த கடலோர ஆய்வுக்கூடத்தில் என் மேசை இப்போது அவளுடையது. "அக்கா, இப்பல்லாம் போன்லயே வந்துருச்சு. படம் புடிச்சா பேரு சொல்லிடுது. இதைக் கெராங்னு சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருந்தாள். படத்தில் ஓர் ஓடு முதுகைக் காட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தது. "திருப்பிப் போட்டு உள்பக்கத்தைக் காட்டு. விரலால தடவிப் பாத்தியா?" என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. பின்னாலேயே, "அந்தக் கோப்பெங் கேஸ எழுதிக் குடுங்கக்கா, புதுசா வந்தவங்க படிக்கட்டும்" என்று ஒரு வரியும் வந்தது. எழுதச் சொன்னவள் சுருக்கமாக எழுதச் சொல்லவில்லை. அது அவள் செய்த தப்பு.

நான் பிறந்தது ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். கடல் பஸ் போகும் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் எங்கள் லயத்து ஆட்கள் அங்கே போவது ஒரே காரியத்துக்குத்தான். செத்தவர்களின் சாம்பலைக் கரைக்கப் போவார்கள். கரைத்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது. என் சித்தப்பா சாம்பலைக் கரைத்த அன்று காலடியில் வரி வரியாய் ஒரு சிப்பி கிடந்தது. குனிந்த என் முதுகில் அம்மா வைத்த அடி இன்னும் நினைவிருக்கிறது. எடுக்கக் கூடாது என்று அடி வாங்கிய அதே சாமானைப் பொறுக்கி வரச் சொல்லிப் பிறகு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடம் முடித்து ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் கண்ணாடி கழுவியதிலும் சேறு அலசியதிலும் போயின. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது என்சிக் ஹருணைப் பற்றி.

எங்கள் பிரிவுத் தலைவர் அவர், மலாய்க்காரர்; என்சிக் என்றால் ஐயா. ஒல்லியான மனிதர். கூடத்துக்குள் ரப்பர் சிலிப்பரோடு நடப்பார், நடக்கும் சத்தமே கேட்காது. பால் போடாத காப்பியை ஆறவிட்டுத்தான் குடிப்பார். யாராவது பையைப் பிரித்த உடனே "ஓ, இது கெராங்" என்று சொன்னால் உள்ளங்கையைத் தூக்கி, "நந்தி டுலு" என்பார். கொஞ்சம் பொறு என்று அர்த்தம். கோபமாகச் சொல்ல மாட்டார், தூங்கும் பிள்ளையை எழுப்பாதே என்பது போலச் சொல்வார். பேரைச் சொல்லிவிட்டால் கண் பார்ப்பதை நிறுத்திவிடும் என்பது அவர் கட்சி. நம்மவர்களும் பிள்ளை பிறந்த அன்றே பேர் வைப்பதில்லையே, பதினாறு நாள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தானே வைக்கிறோம் என்று ஒருமுறை சொன்னேன். அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதன் பிறகு அடையாளம் தெரியாத சிப்பி வந்தால், "இன்னும் பதினாறு ஆகலை" என்று எனக்கே திருப்பிச் சொல்வார்.

அவர் வைத்த முறை இதுதான். ஓட்டைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். முதலில் கண்ணை மூடிக்கொண்டு தடவ வேண்டும். பிறகுதான் பார்க்கலாம். நிறத்தை நம்பக் கூடாது. கிடந்த சேற்றுக்குத் தகுந்தபடி அது மாறும். வரிகளை எண்ணும்போது மேலே மூக்குப் போல வளைந்திருக்கிறதே, அந்த இடத்தில் எண்ணக் கூடாது. அங்கே வரிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கீழ் விளிம்பில் எண்ண வேண்டும். அங்கே உள்பக்கமும் பல் பல்லாய் இருக்கும், ஒரு வரிக்கு ஒரு பல். இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்வரை ஒருவர் மற்றவரிடம் வாய் திறக்கக் கூடாது.

இடது ஓடா வலது ஓடா என்று பார்ப்பதும் உண்டு. மூக்கை மேலே வைத்து முதுகைப் பார்த்தால், சரிந்து நீண்ட பக்கம் நம் வலக்கைப் பக்கம் வந்தால் அது இடது ஓடு. இது என் மண்டையில் ஏற ஒரு மாதம் ஆனது. ஏறிய பிறகு அதைப் போல வேடிக்கை வேறு இல்லை. சாப்பிட்டு முடித்த தட்டில்கூட இடதையும் வலதையும் பிரித்து வைப்பேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

கெராங்குக்கு ஒரு பங்காளி உண்டு. அதன் மேல் பழுப்பு நிறத்தில் முடி முளைத்திருக்கும், மலாய்க்காரர்களும் முடியை வைத்தே அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் முடிக் கெராங் என்போம். நல்ல கெராங்கின் வரிகள் அகலம். ஒவ்வொரு வரியிலும் முள்ளு முறுக்கு மாதிரி முண்டு முண்டாய் இருக்கும். எண்ணினால் இருபதை ஒட்டி நின்றுவிடும். முடிக் கெராங்கின் வரிகள் குறுகல், தேன்குழல் மாதிரி மழமழப்பு. முப்பதைத் தாண்டும். உயிரோடு பார்த்தால் குழப்பமே வராது, முடியே காட்டிக் கொடுத்துவிடும். அந்த முடியே இல்லாமல் ஒருநாள் ஒரு பை வந்தது.

கொண்டு வந்தவர் சுகாதார இன்ஸ்பெக்டர். செல்வம் என்று வைத்துக்கொள்வோம், இதில் வரும் எல்லோருடைய பேரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். பைக்குள் கரிந்து உடைந்த ஓட்டுத் துண்டுகள் இருந்தன. கோப்பெங் பக்கம், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுப் பின்புறம், குப்பை எரித்த சாம்பலில் கிடைத்தவை என்றார்.

அந்த வீட்டுக்காரர் முருகையா, செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு மரத்து, நாக்கு மரத்து, கைகால் துவண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். சிப்பி விஷம் மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். முருகையாவோ சிப்பியைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார். அவருடைய அப்பா இறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மூத்த மகன் என்பதால் கருமாதி முடியும்வரை சைவம். காசிம் பாய் கடையில் சைவ மீ கோரேங் வாங்கிச் சாப்பிட்டேன், அவ்வளவுதான் என்றார். அவர் மச்சானுக்கும் உதடு லேசாக மரத்திருந்தது. அவர், "நான் பாய் கடையில ஓட்டோட அவிச்ச கெராங் ஒரு பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டேன்" என்றார். முருகையா மனைவியும் அதையே சொன்னார்.

காசிம் பாய் கோப்பெங்கில், பல பேர் தனித்தனி அடுப்புப் போட்டிருக்கும் ஒரு காப்பிக் கடைக்குள் மீ கோரேங் போடுபவர். அவர் அப்பா காலத்திலிருந்து நடக்கும் கடை. கெராங் போட்ட சட்டியிலேயே சைவமும் வறுத்திருப்பார் என்று சந்தேகப்பட்டு அதை மூடி வைத்திருந்தார்கள். பானையில் இருந்ததையெல்லாம் அவர் அன்றைக்கே கொட்டிக் கழுவிவிட்டார், அதனால் சோதித்துப் பார்க்கவும் ஒன்றுமில்லை. மிச்சம் இருந்த சாட்சி இந்த ஓடுகள்தான்.

"இது கெராங்தானேக்கா? ஆமான்னு எழுதிக் குடுத்தா போதும்" என்றார் செல்வம். "பாய் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா ஆள் போயிருப்பான்லா."

"கடைக்காரர் என்ன சொல்றாரு?"

"என்ன சொல்லுவாரு? அழுவுறாரு. சைவத்துக்கு வேற சட்டி வச்சிருக்கேன்னு தூக்கித் தூக்கிக் காட்டுறாரு."

நானும் பையைப் பார்த்த உடனே கெராங் என்றுதான் நினைத்தேன். உருண்டை, கனம், வரி எல்லாம் இருந்தன. என்சிக் ஹருண் உள்ளங்கையைத் தூக்கிவிட்டார். செல்வத்தை நாளை வரச் சொல்லி அனுப்பிவிட்டு, துண்டுகளை மணல் தட்டில் பரப்பினோம்.

கண்ணை மூடித் தடவினேன். முண்டு தட்டுப்படவில்லை. அப்படியானால் முடிக் கெராங்கா? ஆனால் நெருப்பில் கிடந்த ஓடு மேல்தோல் பொரிந்து உதிரும். முறுக்கின் முள் உதிர்ந்துவிட்டதா, பிறவியிலேயே இல்லையா? விரலுக்குத் தெரியவில்லை. விளிம்பில் எண்ணலாம் என்றால் ஒரு ஓடுகூட முழுசாய் இல்லை. எனக்குப் பசிகூட மறந்துவிட்டது. ஒரு மனிதரின் கடை இதில் தொங்குகிறது என்று தெரியும். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு இருந்தது இரக்கம் இல்லை, ஆவல். இது எது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

முறிவு பொருந்தும் துண்டுகளைத் தேடினோம். மதியத்துக்குப் பிறகு மூன்று துண்டுகள் ஒன்றோடொன்று உட்கார்ந்தன. களிமண்ணில் பதித்து நிறுத்தினேன். உள் விளிம்பின் பற்கள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கிடைத்துவிட்டன. நெருப்பு உள்பக்கத்தை அவ்வளவாகத் தொடவில்லை. பென்சில் முனையால் எண்ணினேன். பிறகு அவர் எண்ணினார்.

"எத்தனை?" என்றார்.

"முப்பத்திரண்டு."

"எனக்கு முப்பத்து மூன்று."

நான் கை தட்டிவிட்டேன். "முடிக் கெராங்! பாய் தப்பிச்சாரு!"

"நந்தி டுலு" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மூட்டைக் கெராங்கில் ஒன்றிரண்டு முடிக்காரன் கலந்து வருவான். உங்கள் வீட்டு அரிசியில் கல் வருவதில்லையா? ஒரு கல்லைப் பார்த்துவிட்டு மூட்டையே கல் என்பாயா?"

அவர் சொன்னது சரிதான். ஒன்று மட்டும் முடிக் கெராங்காக இருந்தால் அது பாய் கடை மூட்டையிலிருந்தும் வந்திருக்கலாம். எல்லாமே அதுவாக இருந்தால், எந்த மூட்டையிலிருந்தும் வந்திருக்க முடியாது. முடிக் கெராங்கை மட்டும் மூட்டை கட்டி எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு யாரும் விற்பதில்லை. கரையில் போய்க் கையால் பொறுக்கினால்தான் உண்டு.

மறுபடியும் தட்டின் முன்னால் உட்கார்ந்தோம். ஓடு எவ்வளவு நொறுங்கினாலும் மூக்குப் பகுதி தடிப்பாக இருப்பதால் தப்பித்துவிடும். மூக்குகளை மட்டும் பொறுக்கி இடது வலது என்று இரண்டு வரிசை வைத்தோம். ஒவ்வொன்றிலும் மூக்கிலிருந்து இறங்கும் வரிகளின் அகலத்தை லென்சில் பார்த்து, அலமாரியில் இருந்த நல்ல கெராங்கின் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தோம். எல்லாம் குறுகல். அகல வரியுள்ள மூக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு ஓடும் சேரும் கீலின் பல் இடுக்கில் ஊசியால் நோண்டினேன். கெராங் கிடக்கும் இடத்துச் சாம்பல் நிறச் சேறு வரவில்லை. பரபரவென்று மணல் வந்தது.

கடைசியில், ஒரு ஓட்டின் மூக்குக்கும் கீலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில், நெருப்பு நுழையாத ஒரு மூலையில், பழுப்பாய் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. லென்சை அவரிடம் நீட்டினேன். முடி. நுனி பொசுங்கிச் சுருண்டிருந்தது.

என்சிக் ஹருண் லென்சைக் கீழே வைத்தார். "இப்போது பேர் வை" என்றார்.

பிறகு அவர் கேட்டதுதான் எனக்கு முக்கியம். "லுமுட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கரையில் தண்ணீர் நிறம் மாறி விஷம் ஏறியதால், சிப்பி பொறுக்கக் கூடாது என்று பலகை நட்டிருக்கிறார்கள். மணல் கரை. முடிக்காரன் அங்கே உண்டு. இவர்கள் அங்கே போயிருக்கலாம். சரி. ஆனால் சாகக் கிடக்கும்போதுகூட ஒரு மனிதன் ஏன் டாக்டரிடம் பொய் சொல்ல வேண்டும்?"

அந்தக் கேள்விக்கு லென்ஸ் தேவைப்படவில்லை. சாம்பல் கரைக்கப் போவதைச் சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் வர வேண்டியதைச் சொன்னேன். அம்மா போட்ட அடியையும் சொன்னேன். அய்யருக்காகக் காத்திருந்த நேரத்தில் மச்சான் பொறுக்கியிருப்பார், வீட்டுப் பின்புறம் கரியில் சுட்டிருப்பார்கள், நாக்கு ஊறியிருக்கும். அப்பனைக் கரைத்த கடலிலிருந்து எடுத்து, துக்கத்தில் மூத்த மகன் தின்றான் என்று தெரிந்தால் பங்காளிகள் சும்மா விட மாட்டார்கள், கொள்ளி வைத்த கையிலிருந்து கருமாதியைப் பிடுங்கித் தம்பியிடம் கொடுத்துவிடுவார்கள் என்றேன்.

அவர் ஆறிய காப்பியைக் குடித்து முடித்தார். "இது என்ன சிப்பி, எந்த மாதிரிக் கரையில் இருக்கும், அதை மட்டும் எழுது. தின்றது யார் என்று ஓட்டில் இல்லை" என்றார்.

மறுநாள் செல்வம் முடிவை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் முருகையாவைத் தனியாகப் பார்த்தார். நாங்கள் ஊகித்தது அப்படியே சரியாக இருந்ததாம். முருகையா கட்டிலில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். "அப்பா காரியம் முடியட்டும் சார், அதுவரைக்கும் யாருக்கும் சொல்லாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். செல்வம் ஒப்புக்கொண்டார். காசிம் பாய் கடையை அன்றைக்கே திறந்துவிட்டார்கள்.

எங்கள் வேலை அத்தோடு முடிந்தது. வேறு யாராவது என்றால் வீட்டில் இருந்திருப்பார்கள். எனக்கு அந்தக் கடையைப் பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு கோப்பெங் போனேன்.

காப்பிக் கடையில் எல்லா மேசையிலும் ஆள் இருந்தார்கள். மூலையில் காசிம் பாய் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். சட்டி கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது. மீ கோரேங் கேட்டதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஊருக்குப் புதுசாம்மா? கெராங் போடலாமா, பயமில்லியே?"

"நெறய போடுங்க பாய்."

அவர் வறுத்துக்கொண்டே பேசினார். "கடைய தொறக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஒன்னும் தப்பில்லன்னுட்டாங்க. ஆனா ஒருத்தன் வர்றதில்ல. சைவச் சட்டியில கெராங் கலந்தவன்னு பேசுறாங்க. உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமாம்மா?"

உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்ல எனக்கு உரிமை இல்லை. கோபம் கோபமாக வந்தது. முருகையா மேல், மச்சான் மேல், பக்கத்து மேசையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு எங்கள் தட்டையே வேடிக்கை பார்த்த ஆட்கள் மேல். நாங்கள் பேரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம், பாயின் பேர் கெட்டது கெட்டதாகவே இருக்கிறதே என்று அன்று முழுக்கப் புலம்பினேன்.

மனசு கேட்காமல் ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் போனேன். அன்றும் பாய் கடையில் நாங்கள் மட்டும்தான். பாதி சாப்பிட்டிருப்பேன், மூன்று பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவருக்குக் கருமாதிக்கு மழித்த மொட்டை, பளபளவென்று. பின்னால் தலை கவிழ்ந்தபடி ஒருவர். கூட வேட்டி கட்டிய ஒரு பெரியவர். சிப்பிக்கு முடி போனதால் அடையாளம் தெரியாமல் தவித்த எனக்கு, இந்த ஆளை முடி போனதை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

முருகையா நேராகப் பாய் முன்னால் போய் நின்றார். நடை இன்னும் தேறவில்லை. தலை கவிழ்ந்து நின்றவர் மச்சானாக இருக்க வேண்டும். மேசைகளில் இருந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"பாய், நான்தான் முருகையா."

"தெரியும்" என்றார் பாய். கரண்டி கையிலேயே இருந்தது.

"அன்னிக்கு உங்க கடையில நான் சாப்பிடவே இல்ல பாய். அப்பாவ கரைக்கப் போன எடத்துல பொறுக்குனத சுட்டுத் தின்னேன். பொய் சொல்லிட்டேன்." பெரியவர் பக்கம் திரும்பினார். "பெரியப்பாகிட்ட இன்னிக்குக் காலையிலதான் சொன்னேன்."

பெரியப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டி முடித்த முகம் அது. ஆனாலும் கூட வந்திருந்தார். அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துப்போனது.

காசிம் பாய் கரண்டியைத் தூக்கினார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். கரண்டியால் ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"ஒக்காரு. காரியம்லாம் முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சு பாய்."

"அப்ப கெராங் போடலாம்?"

முருகையா தலையாட்டினார். பாய் அடுப்பைப் பற்ற வைத்தார். அந்தக் கடையில் அன்று கிளம்பிய வறுவல் வாசனையில் எனக்கே இன்னொரு தட்டு சொல்லலாம் போலிருந்தது. மூன்று பேருக்கும் தட்டு வந்தது. முருகையா தட்டில் மட்டும் கெராங் குவிந்திருந்தது. அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தட்டைக் கிட்டே இழுத்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டார், கண்ணை மூடிக்கொண்டு மென்றார், விழுங்கினார்.

"எப்படி இருக்கு?" என்றார் பாய்.

"நல்லாருக்கு பாய்."

"சத்தமா சொல்லுலா," என்றார் காசிம் பாய், "அந்தக் கடைசி மேசைக்குக் கேக்கல."